ஆப்பரேஷன் ஆன பூனையின் கூத்தும், கைக்குச் சிக்காத தெருப் பூனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் பூனை நடமாடாத வீடு குறைவு. தொழுவத்தில் மாடு, வைக்கோல் போரில் எலி, கள்ளுக்கடை அடுப்பில் எந்நேரமும் மீன். பூனைக்கு வேறென்ன வேண்டும்? இப்போது பூனைக்குக் கருத்தடை ஆப்பரேஷன் செய்யும் பழக்கமும் மெதுவாக வந்திருக்கிறது, கூடவே சந்தேகங்களும். "ஆப்பரேஷன் செய்தும் இது ஏன் இப்படி நடந்துகொள்கிறது" என்பது ஒரு வகை. "தெருவில் இருப்பதைப் பிடிக்கவே முடியவில்லையே" என்பது இன்னொரு வகை. இரண்டும் வேறு வேறு போலத் தெரியும். நான் பார்த்தவரையில், வீட்டுக்குள் நடக்கும் கூத்துக்குப் பாதிக் காரணம் மதிலுக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறது.

கடுவனுக்கு ஆப்பரேஷன் செய்து பல மாதம் ஆகிவிட்டது. இன்னும் பெட்டையின் பிடரியைக் கடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது. ஆப்பரேஷனைச் சரியாகச் செய்யவில்லையா?

பெரும்பாலும் சரியாகத்தான் செய்திருப்பார்கள். விரைகளை எடுத்ததும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சில நாட்களிலேயே ரத்தத்தில் இருந்து இறங்கிவிடும். ஆனால் பிடரியைக் கவ்வுவது, ஏறுவது, பின்னங்காலால் மிதிப்பது எல்லாம் மூளையில் பதிந்த பழக்கங்கள். ஹார்மோன் அவற்றைத் தூண்டிவிடும். அது போனதும் அவை அழிந்துபோவதில்லை. 1958இல் ரோசன்பிளாட், அரோன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் தனியாகப் பார்த்திருக்கிறார்கள். காயடிப்பதற்கு முன்பே பெட்டையோடு சேர்ந்து பழகிய கடுவன்களிடம் அந்தப் பழக்கம் நெடுநாள் நீடித்தது. சேர்க்கையே அறியாதவற்றிடம் அது சீக்கிரம் அடங்கியது. ஆகவே மூன்று வயது வரை ஊர் சுற்றிவிட்டு ஆப்பரேஷன் டேபிளுக்கு வந்த கடுவனிடமும், ஆறு மாதத்தில் வந்த குட்டியிடமும் ஒரே மாதிரி எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்றையும் பாருங்கள். ஏறுவது தினமுமா, அல்லது சில நாள் விட்டு விட்டா? விட்டு விட்டு வந்தால், பக்கத்தில் எங்கோ ஒரு பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதன் வாசனையும் கத்தலும் ஜன்னல் வழியே வரும். கடுவன் அங்கே போக முடியாமல் வீட்டில் இருப்பதன் மேல் ஏறும்.

அப்படியும் சந்தேகம் தீரவில்லை, மூத்திர நாற்றமும் பழையபடி காட்டமாக இருக்கிறது, கன்னம் தடித்துக்கொண்டே போகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். சில கடுவன்களுக்கு ஒரு விரை பைக்குள் இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே இருந்ததை மட்டும் எடுத்திருந்தால் உள்ளே இருப்பது வேலை செய்துகொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிதான வழி ஒன்று உண்டு. கடுவனின் ஆண்குறியில் நுண்ணிய முட்கள் இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் நின்று ஆறு வாரம் போல ஆனால் அவை மறைந்துவிடும். அதற்குப் பிறகும் முள் இருந்தால், எங்கோ விரைத் திசு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இதைப் பார்ப்பது டாக்டர் வேலை, வீட்டில் முயல வேண்டாம். கை கிழியும்.

ஆப்பரேஷன் ஆன கடுவன் ஏறினால் பெட்டைக்குச் சினை பிடிக்குமா?

ஆப்பரேஷன் ஆன முதல் சில வாரங்களில் பிடிக்கலாம். குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்து உடனே தீர்ந்துவிடாது. நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆப்பரேஷன் ஆகாத பெட்டையிடம் இருந்து பிரித்து வைப்பது நல்லது. அதன் பிறகு பிடிக்காது.

ஆனால் ஒரு வேடிக்கை நடக்கும். பூனைக்குப் பெரும்பாலும் சேர்க்கை நடந்தால்தான் முட்டை வெளிவரும். ஆப்பரேஷன் ஆன கடுவன் சேர்ந்தாலும், அந்தத் தூண்டுதல் போதுமானதாக இருந்தால் முட்டை வெளிவந்துவிடும். கரு இருக்காது, ஆனால் உடம்பு சினை பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். ஐந்து, ஆறு வாரம் கத்தல் இல்லாமல் இருக்கும், சிலவற்றுக்கு முலைக்காம்பு கூடப் பெருக்கும். "ஆப்பரேஷன் செய்த கடுவன் சினையாக்கிவிட்டது" என்று ஊரில் சொல்லப்படும் கதைகளில் சில இதுவாக இருக்கும். மீதிக்குக் காரணம் மதில் தாண்டி வந்த வேறொரு கடுவன்.

எங்களிடம் இருப்பது இரண்டுமே கடுவன், இரண்டுக்கும் ஆப்பரேஷன் ஆகிவிட்டது. ஒன்று மற்றதன் மேல் ஏறுகிறது. இது என்ன?

இதில் காமம் குறைவு, பதற்றமும் அதிகாரமும்தான் அதிகம். வீட்டுக்கு விருந்தாள் வந்திருப்பார்கள், சோற்றுத் தட்டை இடம் மாற்றியிருப்பீர்கள், புதுக் குட்டி ஒன்று வந்திருக்கும், அல்லது இரவு வெளியே ஒரு தெருக் கடுவன் வந்து நின்று உறுமிவிட்டுப் போயிருக்கும். அந்தக் கொதிப்பு பக்கத்தில் இருப்பதன் மேல் இறங்குகிறது.

கீழே இருக்கும் பூனையைக் கவனியுங்கள். உதறிவிட்டு எழுந்து நடந்து போனால் விட்டுவிடலாம். கத்தினால், ஒளிந்தால், சாப்பிட வருவதற்கே தயங்கினால் தலையிட வேண்டும். அடிக்க வேண்டாம், தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம், பதற்றம்தான் கூடும். நடுவில் ஒரு அட்டையை நீட்டிப் பிரித்து, ஏறுகிறதை வேறு அறைக்கு அழைத்துப் போய், கயிறோ பந்தோ வைத்து நன்றாக விளையாட விடுங்கள். தட்டு, மண் தொட்டி, படுக்கும் இடம் ஆகியவற்றைத் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தாலே பாதி சண்டை குறையும்.

போர்வையைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறதே?

தாயிடம் பால் குடித்தபோது மிதித்த பழக்கம் அது, பெரும்பாலும் கெடுதல் இல்லை. பழைய போர்வை ஒன்றை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். நூலைக் கடித்து விழுங்கினால் மட்டும் போர்வையை எடுத்துவிடுங்கள். நூல் குடலில் சிக்கும்.

பெட்டைக்கு ஆப்பரேஷன் ஆகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. திடீரென்று இரவெல்லாம் கத்துகிறது, தரையில் உருளுகிறது, பின்புறத்தைத் தூக்குகிறது. மறுபடியும் பருவத்துக்கு வருமா?

வரக்கூடாது. வந்தால் ஏதோ காரணம் இருக்கிறது.

முதலில் எளிதான காரணத்தைப் பாருங்கள். முற்றத்தில் களை பிடுங்கினீர்களா? குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனைகள் அந்த வேரில் மூஞ்சியைத் தேய்த்து, எச்சில் ஒழுக, உருண்டு புரளும். அதனால்தான் அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றும் பெயர். பார்ப்பதற்குப் பருவத்துக்கு வந்த பூனை மாதிரியே இருக்கும். சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். சரி, அதுவும் இல்லை, தடவிக்கொடுக்கும்போது மட்டும் வாலடியைத் தூக்குகிறது என்றால் அது வெறும் கொஞ்சல்.

கத்தலும் உருளலும் ஒரு வாரம் போல இருந்து, அடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வந்தால் விஷயம் வேறு. அந்தச் சுற்றுதான் பருவத்தின் அடையாளம். சூல்பையின் சிறு துண்டு உள்ளே மிஞ்சியிருந்தால் அது ரத்த ஓட்டம் பிடித்து வேலை செய்யத் தொடங்கும். சில மாதத்திலும் தொடங்கலாம், சில வருடம் கழித்தும் தொடங்கலாம். பார்க்க இது ஒரு தொல்லை மாதிரி தெரிந்தாலும் விட்டுவிடக் கூடாது. கருப்பையின் நுனி மிஞ்சியிருந்தால் அதில் சீழ் பிடிக்கலாம், மார்பில் கட்டி வரும் வாய்ப்பும் கூடும்.

டாக்டரிடம் போக வேண்டிய நேரம் கத்தல் அடங்கிய பிறகு அல்ல, கத்திக்கொண்டிருக்கும்போதே. அப்போதுதான் யோனியில் இருந்து எடுக்கும் பஞ்சுத் துடைப்பைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியும். ரத்தத்தில் ஹார்மோன் சோதனையும் உண்டு. போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டர் மேசையில் எந்தப் பூனையும் கத்திக் காட்டாது. மிச்சம் இருப்பது உறுதியானால் மறுபடி திறந்து எடுப்பதுதான் வழி. பருவத்தில் இருக்கும்போது அந்தத் துண்டு பெருத்திருக்கும் என்பதால் தேடுவதும் எளிது.

இன்னொரு காரணம் யாரும் யோசிப்பதில்லை. வீட்டில் மாதவிடாய் நின்ற பெண்கள் யாராவது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த களிம்பு தடவிக்கொள்கிறார்களா? அந்தத் தோலை நக்கினாலோ, அதன் மேல் படுத்தாலோ பூனைக்கு ஹார்மோன் ஏறி, பருவத்துக்கு வந்த மாதிரியே நடக்கும். கேட்கச் சங்கடமாக இருக்கும்தான். ஆனால் பூனையின் வயிற்றை இரண்டாம் முறை கிழிப்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

ஆப்பரேஷன் ஆகியும் சுவரில் மூத்திரம் பீய்ச்சுகிறது.

ஹார்ட், கூப்பர் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆப்பரேஷன் ஆன கடுவன்களில் சுமார் 10 சதவீதமும் பெட்டைகளில் சுமார் 5 சதவீதமும் அடிக்கடி பீய்ச்சுகின்றன. வீட்டில் பூனைகள் கூடக்கூட இதுவும் கூடும்.

எங்கே பீய்ச்சுகிறது என்று பாருங்கள். வாசற்கதவு, ஜன்னல் ஓரம், ஷூ வைக்கும் இடம் என்றால் வெளியே வரும் தெருக் கடுவனுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறது. உங்கள் பூனையைத் திருத்துவதைவிட அந்தத் தெருக் கடுவனைப் பிடித்து ஆப்பரேஷன் செய்வது சீக்கிரம் பலிக்கும். அதுவரை ஜன்னலின் கீழ்ப்பாதியைக் காகிதத்தால் மறையுங்கள். பினாயில் ஊற்றிக் கழுவ வேண்டாம். பூனைக்கு அது நஞ்சு, பழைய வாசனையையும் முழுதாக எடுக்காது. முதலில் தண்ணீர், அப்புறம் என்சைம் கலந்த சோப்புப் பொடிக் கரைசல், மறுபடி தண்ணீர் என்று கழுவுங்கள்.

கடுவன் அடிக்கடி தன் குறியை நக்குகிறது, மண் தொட்டியில் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது. இதுவும் அந்த ஆசைதானா?

இல்லை. மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம். சொட்டுச் சொட்டாக வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். முழு அடைப்பு என்றால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் போங்கள்.

ஆப்பரேஷனுக்குப் பதில் மாத்திரை கொடுத்துச் சமாளிக்கலாமா? மனிதர்கள் போடும் கருத்தடை மாத்திரையைச் சிலர் சோற்றில் கலந்து கொடுக்கிறார்களே.

வேண்டாம். அந்த வகை ஹார்மோன்கள் பூனைக்குக் கருப்பையில் சீழ், மார்பு வீக்கம், கட்டி, சர்க்கரை நோய் எல்லாம் கொண்டுவரும். தெருப் பூனைக்குச் சோற்றில் கலந்தால் எந்தப் பூனை எவ்வளவு தின்றது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு ஈத்தாவது குட்டி போடவிட்டு ஆப்பரேஷன் செய்தால்தான் உடம்புக்கு நல்லது என்கிறார்கள்.

பெரியவர்கள் சொல்வதில் இது தவறு. முதல் பருவத்துக்கு முன்பே செய்வதுதான் உடம்புக்கு நல்லது. ஆறு மாதத்துக்குள் செய்தால் மார்புப் புற்று வரும் வாய்ப்பு சுமார் 90 சதவீதம் குறைகிறது. பெட்டை நான்கு, ஐந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். கூடப் பிறந்த கடுவனே போதும், அண்ணன் தங்கை என்ற கணக்கெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. குளிர் நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனைக்குப் பருவம் நின்றுவிடும். நம் ஊரில் பகலின் நீளம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை, அதனால் அந்த ஓய்வும் இல்லை. சினைக்காலம் ஒன்பது வாரம்தான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கும்.

ஒன்றை ஆப்பரேஷன் முடித்துக் கூட்டி வந்தேன். வீட்டில் இருந்த மற்றது சீறுகிறது, பாய்கிறது, ஏறப் பார்க்கிறது.

ஆஸ்பத்திரி வாசனை. பூனை ஒன்றையொன்று அடையாளம் காண்பது முகத்தை வைத்து அல்ல, வாசனையை வைத்து. மருந்து நாற்றத்தோடு வந்தது அதற்கு அந்நியன். ஒரு நாள், இரண்டு நாள் தனி அறையில் வையுங்கள். ஒன்று படுத்த துணியை மற்றதுக்குப் போடுங்கள், பிறகு கதவு இடுக்கில் சோறு வைத்துப் பழக்குங்கள். தையல் போட்ட பெட்டையின் மேல் மற்றொன்று ஏறவே விடக் கூடாது.

தெருப் பூனை கண்ணிலேயே படுவதில்லை. காலையில் தட்டு மட்டும் காலியாக இருக்கிறது. எப்படிப் பிடிப்பது?

துரத்திப் பிடிக்க முடியாது, அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதன் சோற்று நேரம் உங்கள் கைக்கு வர வேண்டும். பூனை தானாக வரும்.

இப்போது நீங்கள் செய்வது, மிச்சம் மீதியை இரவு வெளியே வைத்துவிட்டுத் தூங்குவது. பூனை எப்போது வந்தாலும் சோறு இருக்கிறது, அதனால் உங்களைப் பார்க்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. இதை மாற்றுங்கள். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே சத்தம். தட்டைத் தட்டுவதோ, "மியோ மியோ" என்று கூப்பிடுவதோ, எதுவானாலும் மாற்றாதீர்கள். அரை மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்துவிட வேண்டும். முதல் சில நாள் வராது. வயிறு காய்ந்தால் நேரத்துக்கு வந்துவிடும். அக்கம்பக்கத்திலும் சொல்லிவையுங்கள். நீங்கள் தட்டை எடுத்த பிறகு பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணம் பால் சோறு வைத்தால் எல்லாம் வீண். கள்ளுக்கடை இருக்கும் தெருவில் இது இன்னும் கஷ்டம். கடைக்காரரிடம் பேசி, மீன் தலையை ஒரு நாள் மட்டும் வெளியே போடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

நேரம் படிந்ததும் கூண்டை அங்கே வையுங்கள், கதவைத் திறந்து, கம்பியால் கட்டி, மூடவே முடியாதபடி. எலிக்கூண்டு போதாது, பெரிய பூனை முழுதாக உள்ளே போய், வாலும் உள்ளே வந்த பிறகே கதவு விழும் அளவு நீளம் வேண்டும். முதலில் சோற்றைக் கூண்டு வாசலில், பிறகு கொஞ்சம் உள்ளே, பிறகு கடைக்கோடியில் வையுங்கள். பூனை கூண்டுக்குள் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டு முகம் துடைக்கும் நாள் வரும். அதற்கு மறுநாள், காலையில் சோறு இல்லாமல், மாலையில் கம்பியை அவிழ்த்துவிட்டு வையுங்கள்.

இரைக்கு மத்தி நல்லது. வறுத்தால் வாசனை தெரு முனை வரை போகும். மழை நாளில் வாசனை எடுபடாது, அப்போது நெத்திலிக் கருவாடு. எறும்பு மொய்த்தால் பூனை தொடாது. கூண்டைச் சுற்றிச் சாம்பலைத் தூவிவிடுங்கள்.

கதவு விழுந்ததும் ஒரு கனமான துணியைப் போட்டு முழுதாக மூடுங்கள். இருட்டானதும் பூனை அடங்கும். திறந்து பார்த்துக் கொஞ்ச வேண்டாம். கூண்டை வைத்துவிட்டு வேலைக்குப் போகவும் கூடாது. பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் தகரக் கூண்டுக்குள் மாட்டிய பூனை மதியம் வரை தாங்காது. மார்ச் முதல் மே வரை மாலையில் மட்டும்தான் பிடிக்க வேண்டும்.

கூண்டைக் கண்டாலே திரும்பிப் போய்விடுகிறது. ஏற்கெனவே ஒரு தடவை மாட்டியது.

அதற்குக் கூண்டு என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது. கூண்டின் அடிக்கம்பிகள் பாதத்தில் குத்துவதும் அதற்குப் பிடிக்காது. காகிதம் விரித்து மேலே மண் தூவுங்கள். மேலே தென்னங்கீற்று போட்டு, தொழுவச் சுவர் ஓரமாக, அது வழக்கமாக நடக்கும் தடத்தில் வையுங்கள். பழக்கப்பட்ட இன்னொரு பூனை உள்ளே போய்ச் சாப்பிடுவதைப் பார்த்தால் சில நேரம் மனம் மாறும்.

கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தைக் குச்சியில் முட்டுக் கொடுத்து, கயிறு கட்டி இழுப்பது உண்டு. குட்டிகளுக்கு அது சரி. வளர்ந்த கடுவன் பஞ்சாரத்தையே தூக்கிக்கொண்டு ஓடும். பிடித்தாலும் அதிலிருந்து கூண்டுக்கு மாற்றும்போது தப்பிவிடும், போகும்போது உங்கள் கையையும் பதம் பார்த்துவிட்டுப் போகும்.

நிறைய இருக்கின்றன. எதை முதலில் பிடிப்பது?

பெட்டையை. தூரத்தில் இருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை என மூன்று நிறமும் இருந்தால் அது கிட்டத்தட்ட எப்போதும் பெட்டைதான். முழுக்கச் செம்மஞ்சளாக இருப்பவற்றில் பெரும்பாலானவை கடுவன். கன்னம் தடித்து, தலை உடம்பைவிடப் பெரிதாகத் தெரிந்தால் ஆப்பரேஷன் ஆகாத கடுவன். ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் அதற்கு ஏற்கெனவே ஆப்பரேஷன் ஆகிவிட்டது, மாட்டியிருந்தாலும் அவிழ்த்துவிடுங்கள். நீங்கள் செய்யும்போதும் மயக்கத்தில் இருக்கையில் காது நுனியை வெட்டச் சொல்லுங்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் வீணாக இன்னொரு முறை வயிற்றைக் கிழிப்பதைவிட மேல்.

பிடித்த பெட்டை பால் கொடுப்பது போல இருக்கிறது.

முலைக்காம்பைச் சுற்றி முடி உதிர்ந்து, காம்பு நீண்டிருந்தால் எங்கோ குட்டி இருக்கிறது. வைக்கோல் போர், ஓட்டுக்கூரைப் பரண், விறகு அடுக்கு என்று முதலில் தேடுங்கள். குட்டிகள் கண் திறக்காத வயது என்றால் தாயை உடனே விட்டுவிடுவதே சரி. குட்டி தானாகத் தின்னத் தொடங்கியதும், ஆறு எட்டு வாரத்தில், தாயையும் குட்டிகளையும் சேர்த்துப் பிடிக்கலாம். ஒரு கிலோ எடை வந்த குட்டிக்கே ஆப்பரேஷன் செய்யும் டாக்டர்கள் இருக்கிறார்கள். மறுபடி பிடிக்கவே முடியாத தாய் என்றால், பக்கவாட்டில் கீறிச் செய்யும் முறையில் முடித்து, தெளிந்ததும் அன்றைக்கே விடும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

ஆப்பரேஷனை எங்கே செய்வது?

பஞ்சாயத்து மாட்டாஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் பூனைக்கு மயக்கம் கொடுத்துச் செய்யும் வசதி இருக்காது, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். திருச்சூர் அருகே மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; எல்லைக்கு அந்தப் பக்கம் உடுமலைப்பேட்டையிலும் ஒன்று. பொள்ளாச்சி, கோவையில் தனியார் டாக்டர்கள் உண்டு. எங்கே போனாலும் பூனையைப் பிடிப்பதற்கு முன்பே நாள் வாங்கிவிடுங்கள். கூண்டில் பூனையை வைத்துக்கொண்டு டாக்டர் தேடுவது உங்களுக்கும் பூனைக்கும் டாக்டருக்கும் தண்டனை. அந்த மயக்கத்திலேயே வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போடச் சொல்லுங்கள்.

முடிந்த பிறகு எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

கடுவன் என்றால் ஒரு நாள், பெட்டை என்றால் இரண்டு மூன்று நாள். காயத்தில் ரத்தம், வீக்கம் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறது என்றால் போதும். தானாகக் கரையும் தையல் போடச் சொல்லுங்கள். பிடித்த இடத்திலேயே விட வேண்டும்.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், அரை மாத்திரை கூடப் பூனையைக் கொன்றுவிடும். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்தைப் பூனை மேல் அடிப்பதும் அப்படித்தான். தொழுவத்தில் மருந்து அடித்த அன்று பூனை அங்கே படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடிக்கும்போது கடித்துவிட்டது.

உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசியைத் தோலுக்குள் போடுவதென்றால், முதல் ஊசி நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். "பூனைதானே, நாய் இல்லையே" என்று விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூனைக்கும் வெறிநோய் வரும், நகக்கீறலும் கணக்கில் சேரும். அது போக, பூனைப் பல் ஊசி போல ஆழமாக இறங்குவதால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் மறுநாளே கை வீங்கும்.

இவ்வளவு பாடு எதற்கு? சாக்கில் போட்டு செக்போஸ்ட் தாண்டி விட்டுவிட்டால்?

இந்தப் பக்கத்துக்காரர் கோவிந்தாபுரம் தாண்டி விடுகிறார், அந்தப் பக்கத்துக்காரர் வேலந்தாவளம் தாண்டி விடுகிறார், கணக்கு நேராகிவிடுகிறது. சோறும் ஒதுங்க இடமும் இருக்கும்வரை காலியான இடத்துக்கு வேறு பூனை வரும், அதற்கு ஆப்பரேஷனும் ஆகியிருக்காது. கொண்டுபோய் விடப்பட்டது அந்த ஊர்ப் பூனைகளிடம் அடிபட்டோ, ரோட்டிலோ சாகும். விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் கூட.

பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைப்பேன் என்கிறார்.

பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325ஆம் பிரிவுப்படி விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. ஆனால் இதை முதல் வார்த்தையாகச் சொல்லாதீர்கள். அவருடைய புகார் என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் இரவுக் கத்தல், மூத்திர நாற்றம், கோழிக்குஞ்சு ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். முதல் இரண்டும் ஆப்பரேஷனில் பெருமளவு குறையும். குஞ்சுக்கு வலைதான் வழி. ஆப்பரேஷன் ஆன பூனையும் குஞ்சைப் பிடிக்கும், அதில் பொய் சொல்லிப் பயனில்லை.

கூண்டில் பூனைக்குப் பதில் வேறு ஏதாவது விழுந்தால்?

விழும். பெருச்சாளி, கீரி, மரநாய் எல்லாம் மத்தி வாசனைக்கு வரும். நிலக்கடலைக் காடும் கரும்புத் தோட்டமும் பக்கத்தில் இருந்தால் காட்டுப்பூனையும் வரலாம். கால் நீளம், வால் குட்டை, வால் நுனியில் கறுப்பு வளையம், காது நுனியில் சின்னதாக முடிக் கொத்து. அதைத் தெருப் பூனை என்று நினைத்து ஆப்பரேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காட்டு விலங்கு. கீரிக்கும் மரநாய்க்கும் இதே விதிதான். கூண்டின் பின்னால் நின்று, ஒரு கம்பால் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருங்கள். தானாகப் போய்விடும். அன்றைய மத்தி போனது போனதுதான்.